நோ, நாட், நோட்: ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் படிக்க வீட்டிலேயே சொல்லித் தரலாம்

நாலாம் வகுப்புப் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வாசிக்கிறது. தெரிந்த சொற்கள் வரும்வரை வண்டி நன்றாக ஓடுகிறது. புதிய சொல் ஒன்று வந்ததும் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தொடங்கும் வேறு சொல்லைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறது. 'ரிட்டன்' இருக்கிற இடத்தில் 'ரைட்டிங்' என்கிறது. பக்கத்தில் படம் இருந்தால் படத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. "பரவாயில்லையே, படிக்குதே" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

இந்த ஊகம் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் கைகொடுக்கும். ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் சிக்கல் வெளியே தெரியும். அங்கே சொற்கள் நீளம், படங்கள் குறைவு. கேள்வியையே சரியாக வாசிக்க முடியாத பிள்ளை, பதில் தெரிந்தும் மதிப்பெண் இழக்கும். "பாடம் ஏறல" என்று நாம் நினைப்பதில் பல சமயம் ஏறாதது பாடமில்லை, வாசிப்புதான்.

"நானே தமிழ் வழியில படிச்சவன், நான் எப்படிச் சொல்லித் தர்றது?" என்று கேட்கிற பெற்றோருக்காகத்தான் இந்தக் கட்டுரை. இதற்கு ஆங்கிலம் சரளமாகப் பேசத் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கேட்கப் பிள்ளையைப் பழக்கினால் போதும்: உயிரெழுத்துக்குப் பின்னாடி யார் நிற்கிறார்?

ஒரு சிறு ஏற்பாடு. இங்கே ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழிலேயே எழுதியிருக்கிறோம். 'டி' என்றால் 'டாக்' என்ற சொல்லின் முதல் எழுத்து. 'டீ' என்று நெடிலாக வந்தால் 'டைகர்' என்ற சொல்லின் முதல் எழுத்து. 'இ' என்பது 'எக்' என்ற சொல்லின் முதல் எழுத்து, 'ஐ' என்பது 'இங்க்' என்ற சொல்லின் முதல் எழுத்து. கையில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, எழுதிப் பார்த்தபடியே படியுங்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது?

தமிழில் 'கி' என்றால் எங்கே வந்தாலும் உயிரொலி 'இ'தான். கிளி, பாக்கி, கிணறு, எதில் வந்தாலும் அது மாறாது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனால் சொல் தானாக வந்துவிடும். அதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை, 'ஓ' என்ற எழுத்துக்கும் ஒரே ஒலிதான் இருக்கும் என்று நம்புகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இருப்பது ஐந்து உயிரெழுத்து, அவை சுமக்க வேண்டிய உயிரொலிகளோ இருபதுக்கு அருகில். அதனால் ஓர் எழுத்து பல வேஷம் போட்டே ஆக வேண்டும்.

இதைப் பிள்ளைக்குப் புரியவைக்கத் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. கல், பகல், தங்கம் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்க. மூன்றிலும் 'க' இருக்கிறது, மூன்றிலும் ஒலி வேறு. எந்த இடத்தில் எந்த ஒலி என்று பிள்ளைக்கு யாரும் தனியாகப் பாடம் எடுக்கவில்லை, பக்கத்து எழுத்தைப் பார்த்து அதுவே சொல்கிறது. தமிழ் மெய்யெழுத்தில் செய்யும் வேலையை ஆங்கிலம் உயிரெழுத்தில் செய்கிறது, அவ்வளவுதான். "உனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வித்தைதான்" என்று சொல்லித் தொடங்கினால் பாதி பயம் போய்விடும்.

முதலில் காது, பிறகுதான் கண்

ஒரு மூச்சில், ஓர் உயிரொலியோடு வரும் துண்டுதான் சிலபிள். தமிழில் அசை என்கிறோம். யாப்பிலக்கணத்தில் படித்த நேரசை, நிரையசைக்கு இது நெருங்கிய சொந்தம், ஆனால் அதுவே இல்லை. 'பல' என்பது யாப்பில் ஒரே நிரையசை, சிலபிள் கணக்கில் இரண்டு துண்டு.

தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு 'டைகர்' என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். தாடை இரண்டு தரம் கையில் இடிக்கும். இரண்டு அசை. 'பனானா' என்றால் மூன்று. கை தட்டியும் எண்ணலாம், ஆனால் தாடைக் கணக்கு ஏமாற்றாது.

இங்கேதான் நம் ஊர் விஷயம் ஒன்று வருகிறது. நாம் பஸ்ஸைப் 'பஸ்ஸு' என்கிறோம், கப்பைக் 'கப்பு' என்கிறோம். மெய்யில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் ஓர் 'உ' ஒட்டவைப்பது பேச்சுத் தமிழின் இயல்பு, அதில் தப்பே இல்லை. ஆனால் 'பஸ்ஸு' என்று சொல்லும் பிள்ளை இரண்டு தரம் கை தட்டும். 'ஸ்கூல்' என்ற ஒரே அசைச் சொல், 'இஸ்கூலு' ஆகும்போது மூன்றாகிவிடும். அசைக் கணக்கு இங்கேயே தவறினால், அடுத்து வரும் எதுவும் நிற்காது. அதனால் இந்த விளையாட்டு விளையாடும் நேரத்துக்கு மட்டும், கடைசி எழுத்தில் வாயைப் பூட்டச் சொல்லுங்க: பஸ்... கப்... பேக். ஒரு வாரம் இதை மட்டுமே செய்தாலும் நஷ்டமில்லை.

திறந்த கதவு, சாத்திய கதவு

தாளில் 'என், ஓ' என்று எழுதுங்கள். நோ. கடைசியில் உயிரெழுத்து நிற்கிறது. அதற்குப் பின்னால் யாரும் இல்லை, கதவு திறந்திருக்கிறது, அதனால் உயிரெழுத்து தன் பெயரையே நீட்டிச் சொல்லிக்கொண்டு வெளியே ஓடுகிறது. இது திறந்த அசை.

இப்போது ஒரு சின்ன அட்டையில் 'டீ' என்று எழுதி, அதைக் கதவு மாதிரி பக்கத்தில் வையுங்கள். என், ஓ, டீ. நாட். கதவு சாத்தியாச்சு, உயிரெழுத்தின் ஒலி குறுகிவிட்டது. இது மூடிய அசை.

கதவைத் திறந்தும் சாத்தியும் பிள்ளையையே விளையாட விடுங்க. 'ஜி, ஓ' கோ, கதவைச் சாத்தினால் காட். 'டபிள்யூ, இ' வீ, சாத்தினால் வெட். 'எச், ஐ' ஹாய், சாத்தினால் ஹிட். 'எம், இ' மீ, 'என்' என்ற கதவைப் போட்டால் மென். பத்து நிமிஷத்தில் பிள்ளை கண்டுபிடித்துவிடும்: எழுத்து மாறவில்லை, பின்னாடி நிற்கும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

அடுத்து, அட்டையை எடுக்காமல், நாட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் 'இ' போடுங்கள். என், ஓ, டீ, இ. நோட். கடைசி 'இ' வாயே திறக்கவில்லை, ஆனால் முன்னால் இருக்கும் உயிரெழுத்துக்கு அதன் நீண்ட ஒலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. 'கே, ஐ, டீ' கிட், 'இ' வந்தால் கைட். 'சி, யு, டீ' கட், 'இ' வந்தால் க்யூட். ஆங்கில ஆசிரியர்கள் இதைச் சைலண்ட் இ என்பார்கள்.

உடனே விதிவிலக்கு கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஹேவ், கிவ் என்ற சொற்களிலும் கடைசியில் 'இ' இருக்கிறதே, ஏன் நீளவில்லை? ஆங்கிலச் சொல் எதுவும் 'வி' என்ற எழுத்தில் முடிவதில்லை என்பது, மிகச் சில புதுச் சொற்களைத் தவிர, அந்த மொழியின் வழக்கம். அங்கே 'இ' வந்திருப்பது துணைக்கு நிற்க மட்டும். 'சி, ஓ, எம், இ' கம் போன்ற சொற்கள் எந்தக் கணக்கிலும் வராது. அவற்றை அப்படியே முகம் பார்த்து நினைவில் வைக்க வேண்டியதுதான்.

மீதி மூன்று வகை

இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து ஒரே ஒலி தருவது ஒரு வகை. ரெய்ன் என்பதில் 'ஏ, ஐ' ஜோடி, கோட் என்பதில் 'ஓ, ஏ' ஜோடி. இதில் விதி கொஞ்சம், பழக்கம் அதிகம். 'இ, ஏ' என்ற ஒரே ஜோடி டீக்கடை டீயில் ஓர் ஒலி, ப்ரெட் என்பதில் இன்னொன்று, கிரேட் என்பதில் மூன்றாவது. ஒரு வாரத்துக்கு ஒரு ஜோடி என்று எடுத்துக்கொண்டால் போதும்.

உயிரெழுத்துக்குப் பின்னால் 'ஆர்' நின்றால், நீளவும் விடாது, குறுகவும் விடாது. தன் இஷ்டத்துக்கு வளைத்துவிடும். கார், கார்ன் என்ற இரண்டையும் சொல்லிப் பாருங்கள். 'இ, ஆர்', 'ஐ, ஆர்', 'யு, ஆர்' மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே ஒலிதான்: ஹர், பர்ட், டர்ன். வாசிப்பது சுலபம். எழுதும்போது எது வரும் என்பதைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைக்க வேண்டும்.

கடைசி வகை, சொல்லின் முடிவில் ஒரு மெய்யோடு 'எல், இ' வருவது: டேபிள், லிட்டில், டைட்டில். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் எழுத்துப்பிழைக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. லிட்டில் என்ற சொல்லில் இரண்டு 'டீ', டைட்டில் என்ற சொல்லில் நடுவில் ஒரே 'டீ'. ஏன்? கடைசி மெய்யையும் 'எல், இ'யையும் ஒரு துண்டாக வெட்டி எடுத்துவிடுங்கள். லிட்டில் என்பதில் மிச்சம் 'எல், ஐ, டீ', கதவு சாத்தியிருக்கிறது, லிட். டைட்டில் என்பதில் மிச்சம் 'டீ, ஐ' மட்டும், கதவு திறந்திருக்கிறது, டை. இரட்டை எழுத்து சும்மா வரவில்லை. ஒன்று கதவுக்கு, இன்னொன்று அடுத்த அறைக்கு.

இது புரிந்த பிள்ளை 'ரைட்டிங்' என்ற சொல்லுக்கு இரண்டு 'டீ' போடாது. 'டபிள்யூ, ஆர், ஐ' என்று கதவைத் திறந்து வைத்தால்தான் ரை, அதனால் ஒரே 'டீ'. ரிட்டன் என்பதில் கதவைச் சாத்த வேண்டும், அதனால் இரண்டு 'டீ'. டைனிங் என்றால் ஒரு 'என்', டின்னர் என்றால் இரண்டு 'என்'. (அடுத்த தடவை கல்யாண மண்டபத்துக்குப் போகும்போது சாப்பாட்டுக் கூடத்து போர்டைப் பிள்ளையிடம் காட்டுங்க. இரண்டு 'என்' போட்டிருந்தால் அதுவே கண்டுபிடித்துச் சிரிக்கும்.) பெரியவர்கள் எழுதும் விண்ணப்பங்களிலும் இந்த இரட்டை எழுத்துப் பிழை நிறையப் பார்க்கிறோம். பிள்ளையோடு உட்காருகிறவருக்கும் இதில் லாபம் உண்டு.

பயிற்சிப் புத்தகம் உங்கள் கையிலேயே

தனியாகச் சொற்பட்டியல் வாங்கத் தேவையில்லை, செல்போனின் செட்டிங்ஸ் பக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துத் திறந்தால் போதும். 'சைலண்ட் மோட்' என்பதை எடுங்கள். 'எஸ், ஐ' திறந்த அசை, சை. 'எல், இ, என், டீ' மூடிய அசை, லெண்ட். 'எம், ஓ, டி, இ' சைலண்ட் இ, மோட். ரீசெட் என்பதில் முதல் துண்டு திறந்தது, இரண்டாவது மூடியது. மொபைல் என்பதில் திறந்தது ஒன்று, சைலண்ட் இ ஒன்று. அப்டேட் என்பதில் மூடியது முதலில். இன்டர்நெட் என்பதில் நடுவில் 'ஆர்' உட்கார்ந்திருக்கிறது. டவுன்லோட் என்பதில் இரண்டு பக்கமும் ஜோடி.

பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் உயிரெழுத்துகளுக்கு அடியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், பேசாத 'இ'க்கு வேண்டாம், ஜோடிக்கு ஒரே புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இரண்டு மெய் இருந்தால் அவற்றுக்கு நடுவே வெட்டலாம்: இன்-டர்-நெட். இது பெரும்பாலும் சரியாக வரும்.

நடுவில் ஒரே மெய் இருந்தால்தான் தகராறு. டைகர், ரிவர் என்ற இரண்டையும் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் இரண்டாவது எழுத்து 'ஐ', நடுவில் ஒரே மெய், முடிவில் 'இ, ஆர்'. அமைப்பு ஒன்றே, ஆனால் ஒன்று டை, மற்றொன்று ரி. பல பயிற்சி நூல்கள், ஒரே மெய் என்றால் அதற்கு முன்னால் வெட்டு என்று விதியாகவே சொல்கின்றன. டெவின் கியர்ன்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்துச் சோதித்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த விதியை நம்பி இருக்க முடியாது என்று காட்டியது. இரண்டு மெய் விதி தேறியது, ஒரு மெய் விதி தேறவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்க வேண்டியதுதான். 'ரைவர்' என்று சொல்லிப் பார்க்கும் பிள்ளை, அப்படி ஒரு சொல்லைக் கேட்டதில்லையே என்று நின்று, 'ரிவர்' என்று மாற்றிக்கொள்ளும். தீர்ப்புச் சொல்வது காது. ஆனால் 'ரிவர்' என்ற சொல்லையே கேட்டிராத பிள்ளைக்குக் காது எப்படித் தீர்ப்புச் சொல்லும்? அதனால்தான் எழுத்துப் பயிற்சியோடு ஆங்கிலக் கதை கேட்பதும் வேண்டும். சந்தேகமான சொல்லை செல்போன் அகராதியில் போட்டு ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் உச்சரிப்பு கேட்கும். முதலில் பிள்ளை சொல்லட்டும், அப்புறம் போன் சொல்லட்டும். வரிசை மாறினால் அது பயிற்சி இல்லை. இரவு பத்து நிமிஷம் போதும், அதன் பிறகு போனை நீங்களே வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நீளமான சொற்களில் அழுத்தம் விழாத அசை சோம்பேறியாகிவிடும். 'பனானா' என்பதில் மூன்று 'ஏ' இருந்தாலும் நடுவில் உள்ளதுதான் தெளிவாக ஒலிக்கும், மற்ற இரண்டும் முனகல்தான். மெசேஜ், வில்லேஜ் என்ற சொற்களின் கடைசித் துண்டு சைலண்ட் இ மாதிரி தெரியும், ஆனால் ஒலி 'இஜ்'. இந்த வகைகள் சொல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், கடைசி அடியைக் காதுதான் எடுத்து வைக்க வேண்டும்.

சொல்லை அசை அசையாகப் பிரித்துச் சொல்லித் தருவது புதுசு இல்லை. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட எழுத்துப் பாடநூலே இப்படித்தான் இருந்தது. 1930-களில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும், வாசிப்பில் திணறும் பிள்ளைகளுக்காக எழுத்தையும் ஒலியையும் கைவேலையையும் சேர்த்து ஒரு முறையை உருவாக்கினார்கள். ஆறு வகை அசைகளைச் சொல்லித் தரும் பல பள்ளிகள் அந்த வழியில் வந்தவையே. ஆனால் ஆறு வகையின் பெயரையும் மனப்பாடம் செய்ய வைத்து, "ஐந்தாவது வகை எது?" என்று கேட்பதில் எந்தப் பயனும் இல்லை. பிள்ளைக்குப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதவு தெரிந்தால் போதும்.

பள்ளியில் என்ன கிடைக்கிறது?

தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. தமிழ், கணக்கோடு ஆங்கிலமும் அதில் உண்டு. ஆங்கிலப் பயிற்சி நூலில் உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கிருந்தே வீட்டில் தொடங்குங்கள். பாடநூல்களில் அச்சாகியிருக்கும் கியூஆர் கோடை 'தீக்ஷா' செயலியில் ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான காணொளிகளைப் பார்க்கலாம். செயலி இலவசம், டேட்டா மட்டும்தான் செலவு.

சில பிள்ளைகள் மாதக்கணக்கில் பழகியும் நேற்று வாசித்த சொல்லை இன்று புதுசாகப் பார்க்கும். தமிழிலும் இதே திணறல் இருந்து, பேச்சும் புத்தியும் நன்றாக இருந்தால், "சோம்பேறி" என்று திட்டுவதை விட்டுவிட்டு ஆசிரியரிடம் பேசுங்கள். அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. மருத்துவச் சான்று பெற்ற மாணவர்கள், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உதவி போன்ற சலுகைகளுக்குத் தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள், சான்று பெற நாளாகும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துக் கேட்கலாம்.